கோபம் வந்தா கை கழுவுங்க



இது கொஞ்சம் நீளமான இழை. அவசரமா இருக்கிறவங்க சேமிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி படிங்க.

நான் காரைக்கால் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ் மருத்துவர். மனநல மருத்துவர் கிடையாது. இன்னைக்கு எழுதப் போறது மனசு சம்பந்தப்பட்ட விஷயம், அதனால இதை முதல்லயே சொல்லிடறேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னோட படிச்சு, பிறகு மனநலத் துறையில் மேற்படிப்பு முடிச்ச நண்பர். இதில் சரியா இருக்கிறதெல்லாம் அவருடையது, சொதப்பினதெல்லாம் என்னுடையது.

இதில் வர்ற மாணவிகள்கிட்ட எழுதலாமான்னு கேட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன். யாருன்னு தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

போன வருஷம் ஒரு ராத்திரி. கேஷுவால்ட்டியில் நல்ல கூட்டம். எழுபது வயசுப் பாட்டி ஒருத்தரை மூச்சுத் திணறலோட கொண்டு வந்தாங்க. நெபுலைசர் வச்சாச்சு, ஊசி மருந்து போடணும், அதுக்கு கையில லைன் போடணும். வயசானவங்க கை நரம்பு உங்களுக்குத் தெரியும். மேல பார்த்தா கயிறு மாதிரி தெரியும், ஊசியைக் கிட்ட கொண்டு போனா நழுவிடும். பயிற்சிக்கு வந்திருந்த நாலாம் வருஷ நர்சிங் மாணவி ஒரு தடவை குத்தினா, கிடைக்கல. ரெண்டாவது தடவையும் கிடைக்கல.

பாட்டியோட மகன் கத்த ஆரம்பிச்சார். "படிக்கிற புள்ளைங்கள வச்சு எங்க ஆத்தாவ குத்திக் குத்திப் பழகுறீங்களா?"

அந்த நேரம் பார்த்து நான் உள்ள நுழைஞ்சேன். என்ன நடந்துச்சுன்னு கேட்கல. அந்த மகன் முன்னாடி நல்ல பேரு எடுக்கணும்னு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு இருந்திருக்கும்னு இப்போ தோணுது. எல்லார் முன்னாடியும் சொன்னேன்: "தெரியலைன்னா ஏன் தொடுற? தள்ளு."

அவ கையில இருந்த கிட்னி ட்ரேயை டிராலி மேல வீசினா. அது வழுக்கித் தரையில விழுந்து போட்ட சத்தத்துல வார்டே திரும்பிப் பார்த்துச்சு. "எனக்கு இந்த வேலையே வேணாம் சார்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டா.

(எனக்கும் அந்த லைன் முதல் தடவையில கிடைக்கல. இதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை.)

பாட்டி தேறிட்டாங்க. ராத்திரி 2 மணி வாக்கில டீ குடிக்கப் போறப்போ அந்தப் பொண்ணு மாடிப்படியில உட்கார்ந்திருந்தா. அழுதிருந்தா, ஆனா தாடை இன்னும் இறுகித்தான் இருந்துச்சு. "சாரி சார்"னு ஆரம்பிச்சு, நான் எதிர்பார்க்காத ஒண்ணு சொன்னா.

"எனக்கு எப்பவும் இப்படித்தான் சார். வீட்ல தட்டு பறக்கும். ஹாஸ்டல்ல ரெண்டு பேரோட பேச்சே இல்லை. இன்னைக்கு கையில ட்ரே இருந்துச்சு. நாளைக்கு ஊசி இருந்தா? இந்தக் கோபத்தோட நான் நர்ஸ் ஆகக் கூடாது. படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்."

அவ அப்பா அடுத்தவங்க படகுல கடலுக்குப் போறவர். படிப்புக்கு பேங்க் கடன். படிப்பு முடிய சில மாசம்தான் பாக்கி. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. "கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கம்மா"ன்னு சொன்னேன். ஜுரம் வந்தவங்ககிட்ட ஜுரத்தைக் குறைச்சுக்கோங்கன்னு சொன்ன மாதிரி. நான் கத்தினதுக்கு ஒரு சாரி சொல்லணும்ங்கிறது அப்போ மண்டையில ஏறல.

மறுநாள் அந்த மனநல மருத்துவ நண்பருக்கு போன் போட்டேன். அவர் முழுசாக் கேட்டுட்டு ஒண்ணு சொன்னார்: "அடக்குன்னு மட்டும் சொல்லாத. அதைச் சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் சொல்லியாச்சு. ட்ரேயை வீசறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி அவ மனசுல என்ன வாக்கியம் ஓடுச்சுன்னு கேளு."

கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு சொன்னா: "'நான் மீன்காரன் பொண்ணு, அதான் இப்படிப் பேசறாரு. டாக்டர் பொண்ணா இருந்தா பேசுவாரா?' அப்படின்னு ஓடுச்சு சார்."

எனக்கு அவ அப்பா என்ன வேலை பார்க்கிறார்னே அன்னைக்கு ராத்திரி வரைக்கும் தெரியாது. நான் கத்தினது தப்பு, அதில மாற்றுக் கருத்து இல்லை. ஆனா அவளை அந்த அளவுக்குக் கொதிக்க வச்சது நான் சொன்ன நாலு வார்த்தை மட்டும் இல்லை, அதோட அவ சேர்த்துக்கிட்ட அந்த வாக்கியமும்தான்.

இந்த இடத்துல தான் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வருது. பேரு நாக்குல ஒட்டாது, அதனால சிபிடின்னே எழுதறேன். 1950கள்ல ஆல்பர்ட் எல்லிஸும், 1960கள்ல ஆரன் பெக்கும் அமெரிக்காவுல தனித்தனியா ஆரம்பிச்ச வழி இது. ரெண்டு பேரும் பழைய உளப்பகுப்பாய்வு முறையில பயிற்சி எடுத்தவங்க. நோயாளியை சோபாவில் படுக்க வச்சு வருஷக்கணக்கா சின்ன வயசுக் கதை கேட்கிறது போதலைன்னு அதை விட்டு வெளியே வந்தவங்க. ஒரு நிகழ்ச்சிக்கும் நம்ம உணர்ச்சிக்கும் நடுவுல ஒரு நினைப்பு இருக்கு, அது ரொம்ப வேகமா ஓடறதால நமக்கே தெரியறதில்லை, அதைப் பிடிச்சு நிறுத்திப் பார்க்கப் பழகலாம் என்பதுதான் அடிப்படை. பெக் முதல்ல மனச்சோர்வு நோயாளிகள்கிட்ட இதைப் பார்த்தார். கோபத்துக்குன்னு தனியா வடிவமைச்சது ரேமண்ட் நோவாக்கோ என்கிற உளவியலாளர், 1975இல் அவர் எழுதின புத்தகத்தோட.

வேலை செய்யுமான்னு கேட்பீங்க. 1998இல் ரிச்சர்ட் பெக், எஃப்ரம் ஃபெர்னாண்டஸ் என்கிற ரெண்டு பேர் (இந்த பெக் வேற) கோபத்துக்கு சிபிடி கொடுத்த 50 ஆய்வுகளை, மொத்தம் 1,640 பேரை, ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. சிகிச்சை எடுத்த சராசரி ஆள், எடுக்காதவங்கள்ல 76 சதவீதம் பேரை விட நல்லா இருந்தார். மந்திரம் இல்லை. ஆனா நாங்க தினமும் எழுதித் தர்ற சில மாத்திரைகளை விட மோசமும் இல்லை.

"கோபத்தை உள்ளே வச்சுக்காதே, கொட்டித் தீர்த்துடு, தலையணையை நாலு குத்து குத்து"ன்னு ஒரு அறிவுரை ஊர்ல சுத்துதே, அதைப் பத்தியும் ஒரு வார்த்தை. பிராட் புஷ்மன் என்பவர் 2002இல் வெளியிட்ட ஆய்வுல, 600 கல்லூரி மாணவ மாணவிகளைக் கோபப்படுத்தி, ஒரு பகுதியினரை, கோபப்படுத்தின ஆளை நினைச்சுக்கிட்டே குத்துப் பையைக் குத்தச் சொன்னார். அவங்களுக்குத்தான் கோபம் அதிகமா இருந்துச்சு. சும்மா உட்கார்ந்திருந்தவங்களுக்குக் குறைவு. அதனால தலையணையைப் பாவம் விட்டுடுங்க.

சரி, திருவேட்டக்குடிக்கு வரேன்.

காரைக்கால்லேர்ந்து வடக்கே தரங்கம்பாடி போற வழியில இருக்கிற கடலோர ஊர். புதுச்சேரி என்.ஐ.டி இருக்கிற ஊருன்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்குப் புரியும். சம்பந்தர் பாடின சிவன் கோயில் இருக்கிற ஊருன்னு சொன்னா பெரியவங்களுக்குப் புரியும். நர்சிங் மாணவிகளுக்கு சமுதாய நலப் பயிற்சின்னு ஒண்ணு உண்டு. ஊருக்குள்ள போய் வீடு வீடா கணக்கெடுக்கணும், பிரஷர் பார்க்கணும், சுகர் பார்க்கணும், கர்ப்பிணிகளைப் பார்க்கணும். அந்த வருஷம் அந்த பேட்ச் திருவேட்டக்குடிக்கு வந்தது. முகாமுக்கு டாக்டரா என்னை வாரம் ஒரு நாள் போட்டாங்க. வேலை மூன்றரைக்கு முடியும். கல்லூரி பஸ் நாலரைக்கு மேலதான் வரும்.

அந்த ஒரு மணி நேரம்தான் எங்க வகுப்பு. ஆறு வாரம். மொத்தம் எட்டு பேர். ட்ரே வீசின பொண்ணும் அதில ஒருத்தி. அவளை மட்டும் தனியாக் கூப்பிட்டா "கோபக்காரி"ன்னு முத்திரை விழுந்திடும், விருப்பப்பட்டவங்க எல்லாரும் வரட்டும்னு நண்பர்தான் சொன்னார். வாராவாரம் நான் போறதுக்கு முன்னாடி அவர் எனக்கு போன்ல பாடம் எடுப்பார். நாலாவது வாரம் அவரே வந்தார்.

முதல் வாரம் ஒரே ஒரு கேள்வி. கோபம் வருதுன்னு முதல்ல உடம்புல எந்த இடம் சொல்லுது? ஒருத்திக்குக் காது சுடுமாம். ஒருத்திக்கு உள்ளங்கை வேர்க்கும். இன்னொருத்தி, "எனக்கு சிரிப்பு வரும் சார், அதைப் பார்த்து எதிராளிக்கு இன்னும் கோபம் வரும்"னா. நம்ம ட்ரே பொண்ணுக்கு தாடை. பல்லைக் கடிச்சுக் கடிச்சு காலையில தாடை வலியோட எழுந்திருக்கிறது உண்டாம், அதுக்காக ரெண்டு தடவை பல் டாக்டர்கிட்ட போயிருக்கா.

0லேர்ந்து 10 வரைக்கும் ஒரு அளவு வச்சோம். 10னா ட்ரே பறக்கும். 4னா இன்னும் வாய் நம்ம கட்டுப்பாட்டுல இருக்கு. இதில நான் கத்துக்கிட்டது என்னன்னா, கோபக்காரங்கன்னு பேர் எடுத்தவங்களுக்கு 2, 3, 4 எல்லாம் தெரியறதே இல்லை. நேரா 8ல தான் முழிச்சுக்கிறாங்க. 8ல என்ன சிகிச்சை சொன்னாலும் காதுல விழாது. பிரஷர் நோயாளி பக்கவாதம் வந்த பிறகு மாத்திரை தேடற கதைதான்.

ரெண்டாவது வாரம் நோட்டுப் புத்தகம். நாலு கட்டம். என்ன நடந்துச்சு. என் மனசுல என்ன வாக்கியம் ஓடுச்சு. கோபம் எத்தனை மார்க். அந்த வாக்கியத்துக்கு எதிரா ஏதாவது ஆதாரம் இருக்கா, வேற எப்படிப் பார்க்கலாம். முதல் கட்டத்துல கேமரா பார்க்கிறதை மட்டும்தான் எழுதணும்னு விதி. "சிஸ்டர் என்னைக் கேவலப்படுத்தினாங்க"ன்னு எழுதக் கூடாது. "காலையில 7:10க்கு வார்டுக்குப் போனேன். சிஸ்டர், இதான் வர்ற நேரமான்னு சத்தமாக் கேட்டாங்க. பக்கத்துல ரெண்டு பேஷண்ட் இருந்தாங்க" அப்படின்னு எழுதணும். சும்மா இல்லை, இதை எழுதப் பழகவே ரெண்டு வாரம் ஆச்சு. நீங்களும் இன்னைக்கு முயற்சி பண்ணிப் பாருங்க. உங்க மாமியாரைப் பத்தியோ மேனேஜரைப் பத்தியோ கேமரா மாதிரி ரெண்டு வரி எழுதறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

ரெண்டாவது கட்டத்துல வந்த வாக்கியங்களைப் பார்த்தா ஒரு சாயல் தெரிஞ்சது. "வேணும்னே பண்றாங்க." அடுத்தவங்க மனசுக்குள்ள புகுந்து படிச்ச மாதிரி ஒரு தீர்ப்பு. "எப்பவுமே என்னைத்தான்." ரெண்டு தடவை நடந்தது எப்பவுமே ஆயிடுது. "ஒரு சீனியர் இப்படிப் பேசவே கூடாது." இந்தக் 'கூடாது'வை எல்லிஸ் ரொம்பக் கிண்டல் பண்ணுவார். பேசாம இருந்தா நல்லா இருக்கும் என்பது ஆசை, பேசவே கூடாது என்பது சட்டம். உலகம் நம்ம சட்டத்தை மீறும்போதெல்லாம் நாம போலீஸ் ஆயிடறோம். அப்புறம் ராத்திரி பகலா டியூட்டிதான்.

இது நடந்துக்கிட்டிருந்தப்போ ஒருத்தி கோயில் பக்கம் கையைக் காட்டி, "சார், எங்க ஊர் சாமி கதையும் இதுதானே"ன்னா. அவளுக்குப் பக்கத்து ஊர். எனக்குப் புரியல. அர்ச்சுனன் பாசுபதம் வேண்டி தவம் பண்ணும்போது ஒரு பன்றி பாய்ந்து வருது. அவன் அம்பு விடறான். அதே நேரம் ஒரு வேடனும் அம்பு விடறான். என் பன்றி, உன் பன்றின்னு சண்டை. ஒரு சாதாரண வேடன் என்னை எதிர்த்துப் பேசறதான்னு அர்ச்சுனன் வில்லால அடிக்கிறான். வேடனா வந்தவர் சிவன். அந்த வேடர் கோலத்தை இங்க இன்னும் கொண்டாடுறாங்க, ஊர் பேருக்கே அதைத்தான் காரணமாச் சொல்றாங்க. "அர்ச்சுனன் ரெண்டாவது கட்டத்தை எழுதியிருந்தா அடிச்சிருக்க மாட்டான் சார்"னா அந்தப் பொண்ணு. எல்லாரும் சிரிச்சோம். எனக்கு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அது ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் அந்த மாணவிகிட்ட கத்தினப்போ என் ரெண்டாவது கட்டத்துல என்ன இருந்துச்சு? "ஒரு ஸ்டூடண்ட் என் பேரைக் கெடுக்குறா." என் பன்றி, உன் பன்றி.

மூணாவது வாரம் ஒரு சிக்கல் வந்தது. இதைக் கவனமா எழுதணும்.

ஒருத்தி நோட்டைக் காட்டவே இல்லை. எல்லாரும் பஸ் ஏறப் போன பிறகு கொடுத்தா. ஒரு நோயாளியோட கூட வந்த ஆள், ராத்திரி டியூட்டியில ரெண்டு தடவை இடுப்புல கை வச்சிருக்கான். அவ கையைத் தட்டிவிட்டுக் கத்தியிருக்கா. "சத்தம் போடாத, வார்டு"ன்னு அவளைத்தான் அதட்டியிருக்காங்க. நாலாவது கட்டத்துல, "ஒருவேளை தெரியாம பட்டிருக்கும்"னு எழுதியிருந்தா. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை வச்சு தன்னைத் தானே பொய்யாக்கப் பார்த்திருக்கா.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. உடனே நண்பருக்கு போன். அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கு: "முதல்ல நினைப்பு தப்பா, நிலைமை தப்பான்னு பாரு. நினைப்பு தப்புன்னா நோட்டை எடு. நிலைமை தப்புன்னா நோட்டை மூடிட்டு வேலையைப் பாரு."

அந்தப் பொண்ணோட கோபத்துக்கு 10க்கு 10. அதைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் வருஷச் சட்டம் இருக்கு. உள்புகார்க் குழு இருக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லுது. மாணவிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. எழுத்துல புகார் கொடுத்தா. நானும் ஒரு ஆசிரியையும் கூட நின்னோம். ராத்திரி பயிற்சியில மாணவியைத் தனியா விடறது நின்னது. அதட்டினவங்களுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போச்சு. அவ கோபப்படாம "பொறுமையா" இருந்திருந்தா இதில எதுவும் நடந்திருக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நர்சுகளுக்குக் கோபத்தை நிர்வகிக்கப் பயிற்சி கொடுக்கப் போறோம்னு யாராவது சொன்னா நான் ஒரு கேள்வி கேட்பேன். எதுக்கு? வாயை மூடிக்கிட்டு டபுள் டியூட்டி பார்க்கவா? ஒரு சிஸ்டர் நாற்பது நோயாளியைப் பார்க்கிற வார்டுல வர்ற கோபத்துக்கு மூச்சுப் பயிற்சி மருந்து ஆகாது. அங்க இன்னொரு சிஸ்டர் வேணும். 7:10க்குத் திட்டினாங்கன்னு ஒருத்தி எழுதினாளே, அதையும் விசாரிச்சோம். ஹாஸ்டல்லேர்ந்து வர்ற பஸ்ஸே 7:05க்குத்தான் வந்து சேருது. அதை யாரும் அந்த சிஸ்டர்கிட்ட சொன்னதில்லை. பஸ்ஸைக் கால் மணி நேரம் முன்னாடி எடுக்கச் சொல்லி மாணவிகள் மனு கொடுத்தாங்க. பஸ் மாறிச்சு, அந்தச் சண்டை தீர்ந்தது. எல்லிஸும் தேவைப்படல, பெக்கும் தேவைப்படல.

இன்னொரு பொண்ணு. எந்தக் கட்டத்தை எழுதினாலும் எரிச்சல் குறையல. "என்னன்னே தெரியல சார், யார் பேசினாலும் அடிக்கணும் போல இருக்கு." முகத்தைப் பார்த்தேன். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறி இருந்துச்சு. ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 8.4. காலையில சாப்பிடறதே இல்லையாம், மெஸ் திறக்கிறதுக்கு முன்னாடி பஸ் கிளம்பிடும். மாதவிடாய் ரத்தப்போக்கும் அதிகம். தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21 கணக்குப்படி, 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கிற இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தக் கணக்கை பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற பொண்ணே அந்தக் கணக்குக்குள்ள உட்கார்ந்திருக்கு. இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு. மூணு மாசத்துல எரிச்சல் பாதியாக் குறைஞ்சிருந்தது. நான் பொது மருத்துவர்ங்கிறதால சொல்றேன், புதுசா எரிச்சல் கூடியிருந்தா தைராய்டு, ரத்தம், தூக்கம், காலைச் சாப்பாடு இதையெல்லாம் ஒரு தடவை பார்த்துடுங்க. எல்லாத்தையும் மனசு மேலயே போடாதீங்க.

எட்டுல ஒருத்திக்கு இது எதுவும் பத்தல. கோபத்துக்கு அடியில வேற கனமான விஷயம் இருந்தது. அவளை நண்பர்கிட்டயே அனுப்பிட்டேன், இப்போ முறையா சிகிச்சையில இருக்கா. ஒரு பொது மருத்துவர் மர நிழல்ல உட்கார்ந்து பண்ணக் கூடியதுக்கு எல்லை இருக்கு. இதைப் படிக்கிறவங்கள்ல யாருக்காவது கோபம் கை மீறிப் போகுது, தன்னையோ அடுத்தவரையோ காயப்படுத்திடுவோமோன்னு பயம் இருந்தா, 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்க. 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல உதவி எண். தமிழ்ல பேசலாம், எந்த நேரமும் பேசலாம்.

நாலாவது வாரம் நண்பர் வந்தப்போதான் இந்த இழையோட தலைப்பு பிறந்தது. கோபம் 4க்கு வந்ததும் இடத்தை விட்டு ஒரு நிமிஷம் நகரணும் என்பது பாடம். மாணவிகள் சிரிச்சாங்க. "வார்டுல எங்க சார் நகர்றது? ஒரு நிமிஷம் காணோம்னா தேடுவாங்க." சரிதான். நர்ஸ் வேலையில "கொஞ்சம் நடந்துட்டு வரேன்"னெல்லாம் கிடையாது.

அப்போ ஒருத்தி சொன்னா, "கை கழுவப் போகலாம்ல?"

நண்பர் அவளை அப்படியே பார்த்தார். யோசிச்சுப் பாருங்க. வார்டுல யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரே காரணம் கை கழுவறது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி சோப்பு போட்டு முறையா கழுவ 40லேர்ந்து 60 செகண்ட் ஆகும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நகம்னு வரிசை இருக்கு, முதல் வருஷத்துலேர்ந்து கைக்குப் பழகினது. தண்ணி குளிர்ச்சியா இருக்கும். நோயாளிக்கு முதுகு காட்டி நிற்கலாம். அந்த 40 செகண்டுல மூச்சை இழுக்கிறதை விட விடறதை நீளமா விடணும், தாடையைத் தளர்த்தணும், நோட்டுல ஏற்கனவே எழுதிவச்ச ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள்ள சொல்லணும். ஒவ்வொருத்திக்கும் ஒரு வாக்கியம். ட்ரே பொண்ணோடது: "அவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது." இன்னொருத்தியோடது வேடிக்கை: "டியூட்டி 2 மணிக்கு முடியுது."

நெருக்கடி வர்றதுக்கு முன்னாடியே ஒத்திகை பார்த்து வைக்கிறதை நோவாக்கோ தடுப்பூசி போடற மாதிரின்னு எடுத்துக்கிட்டார். சின்ன அளவுல கோபத்தைக் கொடுத்து எதிர்ப்பு சக்தி வளர்க்கிறது. அதனால கடைசி ரெண்டு வாரம் நாடகம். நான் பாட்டியோட மகன். "படிக்கிற புள்ளைங்கள வச்சு..."ன்னு ஆரம்பிச்சேன். ஒரு பொண்ணு வார்டு சிஸ்டர் வேஷம் போட்டு அந்தக் குரல், அந்தக் கண்ணாடி இறக்கிப் பார்க்கிறது எல்லாம் அச்சு அசலா பண்ணினா, நல்லவேளை நிஜ சிஸ்டர் அங்க இல்லை. ரோட்டுல போன மீன்காரம்மா ஒருத்தங்க கூடையை இறக்கி வச்சுட்டு நின்னு பார்த்தாங்க. "யாரு தம்பி, சண்டையா?"ன்னு கேட்டுட்டு, பாடம்னு தெரிஞ்சதும், "திட்டறவன் இன்னும் நல்லாத் திட்டணும், இது பத்தாது"ன்னு எனக்குத் திருத்தம் சொன்னாங்க.

நாடகத்துல முக்கியமான விஷயம், பதில் பேசக் கத்துக்கிறது. அமைதியா இருக்கிறது மட்டும் போதாது. விழுங்கின கோபம் ஹாஸ்டல் ரூம்மேட் மேலயோ வீட்ல தம்பி மேலயோதான் இறங்கும். எங்க ஊர்ல கோபப்படற பொண்ணுங்களுக்கு ரெண்டே வழிதான் சொல்லித் தந்திருக்கோம், முழுங்கு இல்லைன்னா வெடி. நடுவுல ஒரு வாக்கியம் பேசலாம்னு யாரும் சொல்றதில்லை. திருவள்ளுவர் வெகுளாமைன்னு ஒரு அதிகாரமே எழுதினார், 10 குறள். அதை ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கின ஆளுங்கதான் நாம எல்லாரும். மார்க் வாங்கினதோட சரி.

அவங்களே உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைச் செதுக்கினாங்க. முதல் வடிவம் ரொம்பப் பணிவா இருந்துச்சு, "மன்னிச்சிடுங்க"ன்னு மூணு இடத்துல. ரெண்டாவது வடிவம் சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருந்துச்சு. கடைசியா நின்னது: "நீங்க சொல்ற தப்பைத் திருத்திக்கிறேன். ஆனா பேஷண்ட் முன்னாடி இப்படிச் சொல்லாதீங்க, தனியாச் சொல்லுங்க." எட்டு பேரும் அதை மாத்தி மாத்தி, குரல் நடுங்காம வர்ற வரைக்கும் சொல்லிப் பார்த்தாங்க. கடைசி நாள் பஸ் வந்து ஹாரன் அடிச்சும் ஏறல.

அதோட முகாம் முடிஞ்சது. நானும் என் வேலையில மூழ்கிட்டேன். அந்தப் பொண்ணு படிப்பை விடல, அது மட்டும் தெரியும்.

சில மாசம் கழிச்சு, மழைக்காலம். டெங்கு காய்ச்சல்ல வார்டு நிரம்பி வழிஞ்சது. ரெண்டு நாளா சரியான தூக்கம் இல்லை. ஒரு நோயாளியோட சீட்டுல நான் சொன்ன டிரிப் அளவு ஏறல, பழைய அளவே ஓடிக்கிட்டிருந்தது. சீட்டைக் கையில எடுத்தேன். பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு கூடப் பார்க்கல. "கண்ணு தெரியலையா? இதைக் கூட ஒழுங்கா..."

"சார்."

திரும்பினேன். அவதான். தாடை இறுகியிருந்தது, பார்த்துக்கிட்டிருக்கும்போதே தளர்ந்தது.

"நீங்க சொல்ற தப்பைத் திருத்திக்கிறேன் சார். ஆனா பேஷண்ட் முன்னாடி இப்படிச் சொல்லாதீங்க, தனியாச் சொல்லுங்க."

என் காது சுட்டது. உண்மையைச் சொல்லணும்னா முதல்ல வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். ஒரு ஸ்டூடண்ட், பத்து பேர் முன்னாடி, என்கிட்டயே. அந்த வாக்கியத்தை உருவாக்க மர நிழல்ல நான்தான் உட்கார்ந்திருந்தேன், அது எனக்குப் பிரயோகம் ஆகும்னு ஒரு நிமிஷமாவது நினைச்சிருந்தேனா? 6க்குப் போயிட்டேன்னு நினைக்கிறேன், 7 கூட இருக்கலாம். எதுவும் பேசாம வாஷ் பேசின் பக்கம் நடந்தேன். குழாயைத் திறந்தேன். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு.

கண்ணாடியில பார்த்தா அவ பின்னாடி, கட்டில் பக்கத்துல நின்னு டிரிப் அளவை மாத்திக்கிட்டிருந்தா. அந்தச் சீட்டைத் திரும்ப எடுத்து நிதானமாப் பார்த்தப்போதான் தெரிஞ்சது, புது அளவை நான் எழுதினது அடுத்த கட்டில்காரரோட சீட்டுல. தூக்கக் கலக்கத்துல மாத்தி எழுதியிருக்கேன். அந்த ரெண்டாவது ஆளுக்கும் அளவு இன்னும் மாத்தல. எழுதியிருந்தது அவருக்குப் பொருந்தலைன்னு சந்தேகப்பட்டு என்கிட்ட கேட்கத்தான் அவ காத்துக்கிட்டு நின்னிருக்கா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கலாம்.

அவளை டியூட்டி ரூமுக்குக் கூப்பிட்டேன். இன்னைக்குக் கத்தினதுக்கு சாரி சொன்னேன். அப்புறம் அந்தப் பாட்டி வந்த ராத்திரிக்கும் சொன்னேன், ஒரு வருஷம் தள்ளி. அவ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் என் ஈரக் கையைப் பார்த்தா.

"சார், சோப்பு போட்டீங்களா, சும்மா தண்ணியில காட்டிட்டு வந்தீங்களா?"

"தண்ணியிலதான்."

"அதான் சீக்கிரம் வந்துட்டீங்க. சோப்புன்னா 40 செகண்ட் ஆகியிருக்கணும்."